போன வருஷ நோட்டீஸ்

டிடிபி தொழிலில் புது வேலை குறைவு. கடைப்படி ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, போன வருஷம் அடிச்ச நோட்டீஸ் இருக்கும்ல? தேதிய மட்டும் மாத்திக் குடுங்க." கணினியில் எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது என்று முடிவு செய்ய எனக்கு இந்தக் கேள்வி போதும். போன வருஷ நோட்டீஸ் இந்த வருஷம் திறக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முந்தியதும் திறக்க வேண்டும். திறந்தால் தமிழ் தமிழாகத் தெரிய வேண்டும். இதற்குக் கைகொடுக்கிற மென்பொருள்தான் என் கடையில் நிலைக்கும். மற்ற வசதிகளை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

சோழவந்தானில் வேலையே சுற்றிச் சுற்றி வருவதுதான். வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா. அதற்கு முன்னும் பின்னும் இரும்பாடி, கருப்பட்டி, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம் என்று சுற்றுப்பட்டு ஊர்களின் முளைப்பாரி, பொங்கல், வருஷாபிஷேகம். குருப்பெயர்ச்சி வந்தால் குருவித்துறை. வைகைக்கு அக்கரையில் தென்கரைக் கோயில் பிரதோஷம். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகையும் காதணி விழா அழைப்பும். இடையிடையே கொடிக்கால்காரர்களின் பில் புத்தகம், தேங்காய் மண்டிச் சீட்டு. 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அதைப் பில்லின் தலைப்பில் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். போடும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆள் வந்து நின்றதும் நான் முதலில் திறப்பது 'எவ்ரிதிங்' என்ற சின்னத் தேடுபொறி. இணையத்தில் தேடுவதல்ல, நம் கணினிக்குள்ளேயே கோப்பின் பெயரைத் தேடுவது. விண்டோஸில் வருகிற தேடல் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குள் வந்தவர் டீக்கடைக்குப் போய்த் திரும்பிவிடுவார். இது அப்படிச் செய்வதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் எல்லாக் கோப்புகளின் பெயரையும் விண்டோஸ் ஓர் அட்டவணையாக எழுதி வைத்திருக்கிறது. அந்த அட்டவணையை நேரே படித்து வைத்துக்கொள்வதால், 'இரும்பாடி பொங்கல்' என்று அடித்து முடிக்கும் முன்பே எல்லா வருஷத்து நோட்டீஸும் வரிசையாக வந்து நிற்கும். தமிழில் பெயர் வைத்தாலும் தேடும். காசு கிடையாது.

ஆனால் பெயரை ஒழுங்காக வைத்திருந்தால்தான் அது தேடிக் கொடுக்கும். ஊர், கோயில் அல்லது வீட்டுப் பெயர், விழா, வருஷம், தாளின் அளவு. இந்த வரிசையை என் கடையில் யாரும் மாற்றக் கூடாது. 'நோட்டீஸ் புதுசு', 'நோட்டீஸ் ஃபைனல்' என்று பெயர் வைத்த கோப்பு மூன்றே மாதத்தில் அநாதையாகிவிடும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு டைப்பிங்குக்கு முன்பாக இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

கோப்பு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திறக்கிறோம். எழுத்து தெரிகிறதா? எங்கள் தலைமுறை டிடிபிக்காரர்கள் அதிகம் பாடுபட்டது இந்த இடத்தில்தான்.

தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலும் நாங்கள் அடித்த தமிழைக் கணினி தமிழ் என்று அறியாது. அதற்கு அது ஆங்கில எழுத்து. அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது எழுத்துரு மட்டும். ஈழத்துத் தமிழர்களிடம் பாமினி, நம்மூர் அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் ஸ்ரீலிபி, இளங்கோ, சாஃப்ட்வியூ என்று ஆளுக்கொரு போர்வை. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அம்மாவும் இருக்க மாட்டாள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பென் டிரைவ் கொண்டுவந்தார். தன் ஊரின் கோயில் வரலாற்றை வருஷக்கணக்கில் எழுதி, எங்கோ ஒரு கடையில் கொடுத்து டைப் செய்து வைத்திருக்கிறார். அந்தக் கடை இப்போது இல்லை. கையெழுத்துப் பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. என் கணினியில் திறந்ததும் திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். அவர் முகம் வாடிப்போனது. "ஐயா, உக்காருங்க. அரைப்புள்ளி எத்தனை இருக்கு பாருங்க. இது பாமினியாத்தான் இருக்கும்" என்றேன். தட்டச்சு முறையைப் பின்பற்றிய எழுத்துருக்களில் புள்ளி வைக்கிற இடம் அரைப்புள்ளி விசையில்தான். தமிழில் மெய்யெழுத்து இல்லாத வரி ஏது? அதனால் வரிக்கு வரி அரைப்புள்ளி சிதறிக் கிடந்தால் முதலில் பாமினியைச் சந்தேகிக்கலாம். நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகக் கொடுத்த என்எச்எம் கன்வர்ட்டரில் பாமினி என்று தேர்ந்தெடுத்து, உள்ளே போட்டு, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடாக வெளியே எடுத்தேன். ஸ்தல விருட்சம் வில்வம் என்ற வரி தெரிந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. அந்தக் கன்வர்ட்டர் என் கணினியில் இன்றும் இருக்கிறது. கணினி மாறினால் முதலில் ஏற்றுவது அதைத்தான்.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கொடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு அது நம் மேசைக்கு வந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16 என்ற முறையையும் ஏற்று ஆணை போட்டது. அப்படியும் அச்சகங்கள் பழைய எழுத்துருக்களை விடவில்லை. அதற்கு முதல் காரணம் பேஜ்மேக்கர். 1985-இல் பிறந்து, பிறகு அடோபி கைக்குப் போய், 2001-இல் 7.0 வெளிவந்ததோடு வளர்ச்சி நின்றுபோன பக்க வடிவமைப்பு மென்பொருள் அது. யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியாது. ஆனால் தமிழ்நாட்டில் ஆபரேட்டர் என்றால் பேஜ்மேக்கர் ஆபரேட்டர்தான். விரல்களுக்குப் பழகிய மென்பொருளை ஒரு முழுத் தொழிலே விட வேண்டும் என்றால் சும்மா நடக்குமா?

கன்வர்ட்டர் இருந்தால் தீர்ந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் அடிப்போம், எழுத்து பின்னால் வரும். கண்ணுக்குத் தெரிகிற வரிசை அது. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். இந்த இடமாற்றத்தைக் கன்வர்ட்டர் செய்துவிடும். ஔகாரம் வருகிற இடத்தில்தான் அது தடுமாறும். எங்கள் பக்கத்தில் பௌர்ணமி பூஜை நோட்டீஸ் நிறைய வரும். பழைய எழுத்துருவில் கொம்பு, 'ப', அப்புறம் 'ள' என்று அடித்தால் பார்ப்பதற்குப் 'பௌ' போலவே இருக்கும். மாற்றும்போது அந்த 'ள' உண்மையான ளகரமா, ஔகாரத்தின் பின்பாதியா என்று மென்பொருளுக்குத் தெரியாது. 'பெளர்ணமி' என்று ளகரமாகவே எடுத்து வைத்துவிடும். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிற்பாடு 'பௌர்ணமி' என்று சரியாக அடித்துத் தேடினால் அந்தக் கோப்பு வராது. கௌரி, சௌந்தரம் என்று பெயருள்ள மணப்பெண்கள் பத்திரிகையிலும் இதே கதை. அதனால் மாற்றிய கோப்பை நோட்பேட் ப்ளஸ் ப்ளஸில் திறந்து, கொம்பும் ளகரமும் சேர்ந்து வருகிற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துவேன். மொத்தமாக மாற்றவே கூடாது. மாற்றினால் 'வெள்ளி' கெட்டுப்போகும். டான் ஹோ என்பவர் 2003-இல் வெளியிட்டு இலவசமாகவே விட்டுவைத்திருக்கிற அந்த எளிய எடிட்டரை நிரல் எழுதுகிறவர்களுக்கானது என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். தமிழ் டிடிபிக்காரனுக்கு அதைவிடக் கூர்மையான கருவி கிடையாது.

எங்கள் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டமும் இந்தப் பாதையைத்தான் கடந்து வந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம் அது. உலகெங்கும் இருந்த தமிழர்கள் கூலி வாங்காமல் பழந்தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து போட்டார்கள். முதலில் அந்தக் காலத்து எழுத்துரு, பிறகு திஸ்கி என்ற குறியீட்டு முறை, அதற்குப் பிறகு யூனிகோடு. அவர்கள் மாற்றாமல் விட்டிருந்தால் அத்தனை பேரின் உழைப்பும் அந்த ஆசிரியரின் பென் டிரைவ் போலத்தான் கிடந்திருக்கும்.

இனி அடிக்கிற முறை. நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கற்றவன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு அமைத்துக் கொடுத்த வரிசையில் பழகிய விரல்கள் இவை. அந்த முறை தெரிந்தவர்களுக்கு அதுவே வேகம். புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் தமிழ்99 சொல்லிக் கொடுக்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி உருவாகி, அதே வருஷம் அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. இடது கைப்பக்கம் உயிர், வலது கைப்பக்கம் பெரும்பாலும் மெய். இலக்கணம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்தது என்பது விரல் வைத்ததும் தெரியும். ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ந-வுக்குப் பின் த என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. 'வெற்றிலை' என்று அடிக்க வ, எ, ற, ற, இ, ல, ஐ. ஏழே தட்டு. ஷிப்ட் விசையைத் தொடவே வேண்டாம். 'அம்மா'வுக்கு நான்கு.

இதற்கு நான் இன்னும் என்எச்எம் ரைட்டரைத்தான் வைத்திருக்கிறேன். பத்ரி சேஷாத்ரியின் நியூ ஹொரைசன் மீடியா 2008 வாக்கில் இலவசமாக வெளியிட்டது. ஒரே மென்பொருளில் தமிழ்99, பழைய தட்டச்சு, பாமினி, ஒலிபெயர்ப்பு எல்லாம் உண்டு. ஆல்ட் விசையோடு ஓர் எண்ணைத் தட்டினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறலாம். என் நாற்காலியில் தங்கச்சி வந்து உட்கார்ந்தால் அவளுக்குத் தமிழ்99. நான் உட்கார்ந்தால் தட்டச்சு. இருவர் அடித்ததும் ஒரே யூனிகோடாகத்தான் சேரும். இதற்கும் முன்னால் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், விசுவநாதனின் அழகி, முகுந்தும் தமிழா குழுவும் கொடுத்த இ-கலப்பை எல்லாம் நமக்குப் பாதை போட்டவை. இப்போது விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகைகள் வருகின்றன. புதுக் கணினி வாங்குகிறவர்களுக்கு அதைத்தான் திறந்து வைத்துக் கொடுக்கிறேன். இந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுக்காமல் மட்டும் விடமாட்டேன். கையெழுத்து போடத் தெரிந்த அத்தனை பேரும் கணினியில் தமிழ் அடிக்கலாம் என்ற நிலையை, பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே உண்டாக்கியவர்கள் இவர்கள்.

அடுத்தது மொய்.

மதுரை, உசிலம்பட்டி, தேனி வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் செய்முறைதான் அதன் முதுகெலும்பு. யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதிய மொய் நோட்டை வீட்டில் பத்திரங்களோடு பெட்டியில் வைத்திருப்பார்கள். மொய் செய்தவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது நோட்டை எடுத்துப் பார்த்து, அவர்கள் செய்ததோடு மேலும் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். அது இருபது வருஷம் கழித்தும் வரும். அப்பா வாங்கியதை மகன் செய்வான். கொடுத்தவர் பெயர் நோட்டில் இல்லாமல் போனால் பணம் போவதோடு நிற்காது, உறவும் போகும்.

இந்த வேலை இப்போது கணினிக்கு வந்துவிட்டது. மண்டப வாசலில் மேசை போட்டு, கணினியும் சின்ன பிரிண்டரும் வைத்து, மொய் எழுதியதும் ரசீது கொடுத்து, இரவே கணக்கு முடித்துக் கொடுக்கிறார்கள். அதற்கென்றே மென்பொருள்கள் விற்கிறார்கள். வேண்டியவர்கள் கேட்டால் நானும் போய் உட்காருவதுண்டு. ஆனால் தனி மென்பொருள் எதையும் நான் வாங்கவில்லை. லிப்ரே ஆபிஸின் கால்க் போதும் என்பது என் முடிவு. காரணத்தைச் சொல்கிறேன். தனி மென்பொருளில் பதிந்த கணக்கு அந்த மென்பொருளில்தான் திறக்கும். அதை விற்றவர் இருபது வருஷம் கழித்து இருப்பாரா? மொய் நோட்டின் ஆயுள் கணினியின் ஆயுளைவிட நீண்டது. சாதாரண அட்டவணையாக இருந்தால் எந்தக் காலத்துப் பிள்ளையும் எதிலாவது திறந்துகொள்ளும்.

வேலை நடக்கிற விதம் இது. ஊர், பெயர், தகப்பனார் பெயர் அல்லது பட்டப்பெயர், தொகை, குறிப்பு. ஐந்தே பத்திகள். மாமன் சீர் தனித் தாளில். ஊர்ப் பெயரைக் கையால் அடிக்கவிடாமல், முன்கூட்டியே பட்டியல் கொடுத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கூட்ட நெரிசலில் 'மேலக்கால்' ஓரிடத்தில் 'மேலகால்' ஆகும், 'திருவேடகம்' இன்னோர் இடத்தில் 'ஏடகம்' ஆகும். ராத்திரி ஊர்வாரியாகப் பிரிக்கும்போது ஓர் ஊர் இரண்டாக உடைந்து நிற்கும். பட்டியலில் இல்லாத ஊர் வந்தால் அந்த இடத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். பட்டப்பெயர் முக்கியம். ஒரே ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். 'கிணத்து வீடு', 'மில்லுக்காரர்' என்று எழுதினால்தான் வீட்டுக்காரருக்குப் புரியும்.

அகர வரிசையில் அடுக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. யூனிகோடு எண் வரிசைப்படியே அடுக்கினால் ரகரத்துக்குப் பின் றகரம் வரும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால் போய் நிற்கும். நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. கால்க்கில் வரிசைப்படுத்தும் இடத்தில் மொழியைத் தமிழ் என்று குறித்தால் நம் வரிசைக்கு வந்துவிடும். பெரியவர்கள் விரலால் தடவிப் பார்த்துத் தேடுவது அந்த வரிசையில்தான்.

முடிந்ததும் மூன்று விதமாகக் கொடுப்பேன். முதலாவது தாளில் அச்சடித்து பைண்டிங் செய்த நோட்டு. ரசீது பிரிண்டரின் தாள் வெப்பத்தில் எழுத்து விழுகிற தாள். சில வருஷத்தில் வெளுத்துப்போகும். அதை நம்பிப் பெட்டியில் வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இரண்டாவது பிடிஎஃப். மூன்றாவது சிஎஸ்வி என்ற வெற்று எழுத்துக் கோப்பு. சிஎஸ்வியைச் சேமிக்கும்போது எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுப் பையன் எக்செல்லில் இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறந்து, தமிழ் முழுக்கக் கோழி கிளறியது போலத் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. கோப்பு கெடவில்லை. எக்செல்லின் டேட்டா பட்டியல் வழியாக உள்ளே இழுத்து, எழுத்துமுறையை யூடிஎஃப்-8 என்று சொன்னால் சரியாகிவிடும். இதை ஒரு துண்டுத் தாளில் அச்சடித்து பென் டிரைவோடு கொடுத்துவிடுகிறேன்.

படம் சம்பந்தப்பட்ட வேலைக்கு இர்ஃபான்வியூ. வியன்னாவில் படித்த பொஸ்னிய இளைஞர் இர்ஃபான் ஸ்கில்ஜான் 1996-இல் எழுதியது. கண்ட்ரோல் விசையோடு ஆர் தட்டினால் படத்தின் அளவு மாற்றலாம். ஜேபெக்காகச் சேமிக்கும்போது இத்தனை கேபிக்குள் வேண்டும் என்று சொன்னால் அதற்குள் அடக்கிவிடும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் கடைசி நாளில், கடைசி மணி நேரத்தில்தான் ஓடி வருவார்கள். புகைப்படம் ஐம்பது கேபிக்கு மேல் போய் விண்ணப்பம் நின்றுபோயிருக்கும். அந்தப் பதற்றத்துக்கு ஒரு நிமிஷத்தில் மருந்து கொடுக்கிற மென்பொருள் அது. வீட்டில் பயன்படுத்துகிறவருக்கு இலவசம். கடைக்காரர்கள் சிறு தொகை கட்டி உரிமம் வாங்க வேண்டும். நான் கட்டினேன். நம் பிழைப்புக்கு உதவுகிறவருக்குச் சேர வேண்டியது சேரத்தான் வேண்டும்.

அஞ்சலி போஸ்டர் வேறு வேலை. அதற்கு ஜிம்ப். விடியற்காலை நாலு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். பத்து மணிக்கு எடுக்கிறார்கள், அதற்குள் பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டிலும் ஒட்டியாக வேண்டும். கையில் நல்ல படம் இருக்காது. வயலிலும் கொடிக்காலிலும் காலம் முழுக்க நின்ற பெரியவர்கள் தனியாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பேத்தி கல்யாண ஆல்பத்தில் நாலாவது வரிசையில் பாதி முகம், அல்லது ஆதார் அட்டையில் இருக்கிற படம். ஒரு அப்பத்தாவின் படத்தைக் குடும்ப குரூப் போட்டோவிலிருந்து எடுத்தது நினைவிருக்கிறது. பக்கத்தில் நின்ற பிள்ளையின் கை அவர் தோளில் கிடந்தது. அதை அழித்து, சேலைக் கரையைக் கீழே வரை வரைந்து, வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன். முகத்தில் ஒரு சுருக்கத்தையும் தொடவில்லை. சுருக்கம் போய்விட்டால் அது அவர் இல்லை. இப்போது ஒரு பொத்தானைத் தட்டினால் முகத்தை வழவழப்பாக்கி இளமையாக்குகிற மென்பொருள்கள் வந்துவிட்டன. கேட்டு வருகிறவர்களிடமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இப்படிச் செய்து முடித்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, காசு வாங்காமல் வீட்டாரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். பெரும்பாலும் அதுதான் பிறகு சுவரில் மாட்டுகிற படமாகிறது.

பழைய தாளை ஸ்கேன் செய்யும் வேலையும் உண்டு. அதற்கு நாப்ஸ்2. எந்த ஸ்கேனராக இருந்தாலும் ஒரே முகப்பில் வேலை நடக்கும்; பல தாளை ஒரே பிடிஎஃபாகத் தைத்துக் கொடுக்கும். அதற்குள்ளேயே டெசராக்ட் என்ற எழுத்துணரி இருக்கிறது. ஹெச்பி நிறுவனம் 1985 முதல் உருவாக்கி, 2005-இல் திறந்த மூலமாக விட்டது. தமிழும் படிக்கும். பழைய கோயில் மலர்களைக் கொடுத்துப் பார்த்தேன். தெளிவான அச்சென்றால் வியக்கும்படி படிக்கிறது. துணைக்காலையும் ரகரத்தையும் மட்டும் குழப்பிக்கொள்ளும். அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம். நமக்குப் பொருள் தெரிவதால் குழம்புவதில்லை. 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் இன்னும் கஷ்டம். துதிக்கை போட்ட லை, ளை, ணை, னை. சுழித்து எழுதிய ணா, றா, னா. இவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். அப்படித் திருத்தும்போது சந்திப் பிழையும் கண்ணில் படும். நீச்சல்காரன் உருவாக்கி இணையத்தில் வைத்திருக்கிற நாவியில் போட்டு ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். கோயில் மலரில் ஒற்று விட்டுப்போனால் எங்கள் ஊர்த் தமிழாசிரியர்கள் தேடி வந்து சொல்லிவிடுவார்கள்.

எல்லாம் போனிலேயே முடிகிறதே, மேசைக் கணினி எதற்கு என்று கேட்கிறார்கள். போனில் ஒரு வாழ்த்துப் படம் செய்யலாம். நாலு பக்கக் கும்பாபிஷேக அழைப்பிதழில் விழாக் குழுவினர் எண்பது பேரின் பெயரை, யார் மேலே யார் கீழே என்ற மரியாதை கெடாமல் அடுக்க ஒரு பெரிய திரையும் மவுஸும் வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு பெயர் சேரும். சேர்ந்தால் எல்லாப் பெயரும் ஒரு படி இறங்கும். அதைப் போனில் யாரும் செய்ய முடியாது.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு நின்றது. என் கடையில் ஒரு பழைய கணினி புது விண்டோஸுக்குத் தேறவில்லை. அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். லிப்ரே ஆபிஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் எல்லாம் அதிலும் ஓடுகின்றன. பல வருஷம் சோதனைப் பதிப்பாகவே இருந்த, பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸின் புது வடிவம் 2024 தொடக்கத்தில் 1.6 என்று முறையாக வந்தது. யூனிகோடு தமிழைக் கொம்பு, கால் பிசகாமல் அடுக்குகிறது. ஒரு ஊர் அழைப்பிதழ் முழுவதையும் அதிலேயே செய்து மதுரைக்கு ஆஃப்செட்டுக்கு அனுப்பினேன். அச்சகத்தில் எந்தக் கேள்வியும் வரவில்லை.

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது. கல்யாண வேலை குறையும். அந்த மாதத்தில்தான் பழைய சிடிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். லிப்ரே ஆபிஸின் 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்பை டிராவில் திறக்கலாம் என்பது நம் தொழிலில் பலருக்குத் தெரியாது. மூடிக் கிடக்கிற வடிவங்களைத் திறந்துவிடுவதையே வேலையாக எடுத்துக்கொண்ட தன்னார்வலர்கள் எழுதிய வசதி அது. எல்லாக் கோப்பும் ஒழுங்காக வராது. கட்டங்கள் இடம் மாறும், கோடுகள் தடிக்கும். ஆனால் எழுத்து வந்துவிடும். அதைக் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கி, வெற்று எழுத்துக் கோப்பாக ஒரு பிரதியும் பிடிஎஃபாக ஒரு பிரதியும் வைக்கிறேன். ஒரு நோட்டீஸில் திருவிழா நடந்த நாட்கள், மண்டகப்படிக்காரர்கள், அன்று நடந்த நாடகத்தின் பெயர், நாதஸ்வரக் குழுவின் ஊர் எல்லாம் இருக்கும். வேறு எங்கும் எழுதி வைக்காத செய்திகள் இவை.

வாடிப்பட்டி, சமயநல்லூர், அலங்காநல்லூர் பக்கத்தில் டிடிபி கடையை மூடியவர்கள் சிலரிடம் கேட்டிருக்கிறேன், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று. இதைப் படிக்கிற தொழில்காரர்களிடமும் கேட்கிறேன். டிஸ்க்கோடு அந்தக் காலத்து எழுத்துருக் கோப்புகளையும் எடுத்து வையுங்கள். எழுத்துரு கையில் இருந்தால், கன்வர்ட்டருக்குத் தெரியாத முறையாக இருந்தாலும் விசைக்கு விசை பார்த்து ஒரு மாற்றுப் பட்டியல் போட்டுவிடலாம். போடும்போது மூன்று துண்டாக வருகிற ஓகார, ஒகார எழுத்துகளை முதலில் மாற்றுங்கள். அடுத்து ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு. தனிக் கால் கடைசியில். வரிசை மாறினால் 'கோயில்' என்ற சொல்லே உடைந்துபோகும்.